6 பேர் டீம், கையில 40 லட்சம், கேம் முடியுற வரைக்கும் சம்பளம் தாங்குமா?

கோவை_பிக்சல்

எல்லாருக்கும் வணக்கங்க. நாங்க கோயமுத்தூர்ல ஒரு சின்ன டீமுங்க. இதுவரைக்கும் வெளி கம்பெனிகளுக்கு ஆர்ட் செஞ்சு குடுக்கறது, மொபைல் போர்ட்டிங் (இருக்கற கேம மொபைலுக்கு மாத்தறது)னு ஓட்டிட்டு இருந்தோம், அதுல மிச்சம் புடிச்சு 40 லட்சம் சேத்து வச்சிருக்கோம். இப்ப சொந்தமா ஒரு 2டி ஆக்‌ஷன் கேம், பிசிக்கு, ஸ்டீம்ல (பிசி கேம் விக்கற ஆன்லைன் கடை) விடறதுன்னு முடிவு பண்ணியாச்சு. எஞ்சின் (கேம் செய்யற சாஃப்ட்வேர்) கோடோ (Godot), அது இலவசம், அதனால லைசென்ஸ் காசு கிடையாது. மெஷின் எல்லாம் ஏற்கனவே இருக்குது, ஆபீஸ் எங்க வீட்டு மாடி.

ஆள் கணக்கு இப்படி போட்டிருக்கேன். ப்ரோகிராமர் 45,000, 2டி ஆர்ட்டிஸ்ட் 32,000, அனிமேட்டர் 35,000, லெவல் டிசைனர் 28,000. மாசம் 1,40,000 வருது, 12 மாசத்துக்கு 16.8 லட்சம். மியூசிக், சவுண்ட் எல்லாம் ஒரே ஃப்ரீலான்ஸர்கிட்ட 2.5 லட்சத்துக்கு பேசியிருக்கு. ஆக 19.3 லட்சம். நானும் பார்ட்னரும் சம்பளம் எடுக்கறதில்லைங்க (அவர் ஆர்ட் டைரக்‌ஷன், நான் கோடும் டிசைனும்).

கேள்வி என்னன்னா, இருக்கற காசுல பாதிகூட வரல, அதனால இன்னும் ரெண்டு பேர எடுத்து 12 மாசத்த 9 மாசமா சுருக்கிடலாமா? இதை ஏற்கனவே செஞ்சவங்க சொல்லுங்க.

ராத்திரி_பில்ட்

தம்பி, ஆள் எடுக்கறத கொஞ்சம் நிறுத்தி வைங்க. சென்னைல நாங்க ஒரு சின்ன ஸ்டுடியோ நடத்தறோம், ரெண்டு கேம் ரிலீஸ் பண்ணியிருக்கோம், அந்த அனுபவத்துல சொல்றேன்.

உங்க ஷீட்டுல மூணு விஷயம் இல்ல. ஒண்ணு உங்க ரெண்டு பேரோட சம்பளம். ரெண்டாவது ரிலீசுக்கு அப்புறம் வர்ற மாசங்கள். மூணாவது, அந்த 12 மாசம்ங்கிற நம்பர் எங்க இருந்து வந்துச்சுன்னு ஒரு வரிகூட இல்ல. வேலைய துண்டு துண்டா எழுதி கூட்டி வந்த 12ஆ, இல்ல ஒரு வருஷத்துல முடிச்சிடலாம்னு மனசுல தோணுன 12ஆ? கேம்ல சம்பளம்தான் செலவு, மத்ததெல்லாம் சில்லறை, அதனால மாசக்கணக்கு தப்பாச்சுன்னா பட்ஜெட் மொத்தமும் தப்பு, ஒவ்வொருத்தர் சம்பளத்தையும் எவ்வளவு துல்லியமா எழுதியிருந்தாலும் பிரயோஜனம் இல்ல.

அப்புறம் ரெண்டு பேர் சேந்தா மூணு மாசம் குறையும்ங்கிறது நடக்காது. புதுசா வர்றவங்களுக்கு உங்க கோட்பேஸ் (இதுவரைக்கும் எழுதுன கோடு), ஆர்ட் ஸ்டைல் புரியவே நாளாகும், அத சொல்லிக் குடுக்க உங்க பழைய ஆளு வேலைய நிறுத்தணும். அதுவும் டிசைன் இன்னும் உறுதியாகாத நேரத்துல அனிமேட்டர எடுக்கறது, பூச்சு வேலை முடியாத வீட்டுக்கு டைல்ஸ் ஆளக் கூப்பிட்டு தினக்கூலி குடுத்து உக்கார வைக்கிற மாதிரி. கேரக்டர் அளவு மாறுச்சுன்னா அவர் செஞ்ச வாக் சைக்கிள் (நடக்கற அனிமேஷன்), அட்டாக் எல்லாத்தையும் திரும்ப செய்யணும், ரெண்டு தடவையும் சம்பளம் நீங்கதான் குடுக்கணும்.

கோவை_பிக்சல்

பதிலுக்கு ரொம்ப நன்றிங்ணா. ஒண்ணு மட்டும் புரியலைங்க. எங்க ரெண்டு பேர் சம்பளம் எதுக்கு ஷீட்டுல? நாங்க எடுக்கலைன்னா கம்பெனில இருந்து காசு வெளிய போகலையே. வீட்டுச் செலவுக்கு எங்க வீட்டம்மா சம்பளம் இருக்குது, பார்ட்னருக்கு கொஞ்சம் வாடகை வருமானம் இருக்குது.

ராத்திரி_பில்ட்

காசு இப்ப போகல, சரி. ஆனா அந்த வேலைக்கு ஒரு விலை இருக்குல்ல? நாளைக்கே உங்க பார்ட்னருக்கு உடம்பு சரியில்லாம போகுது, இல்ல வீட்டுல நெருக்கடி வந்து வேலைக்கு போறாருன்னு வைங்க, அந்த இடத்துக்கு ஒரு ஆர்ட் லீட் எடுத்தா 40,000க்கு கீழ யாரும் வரமாட்டாங்க. அந்தக் காசு உங்க பட்ஜெட்ல எங்கயும் இல்லைன்னா கேம் அங்கயே நின்னுடும்.

இன்னொண்ணு, சம்பளம் எடுக்காத ஓனரோட நேரம் ஷீட்டுல சும்மா கெடைக்கற மாதிரி தெரியும். அதனால எந்த வேலையா இருந்தாலும் நானே பாத்துக்கறேன்னு சொல்லிடுவீங்க, ஸ்டோர் பேஜ் நானே, டிரெய்லர் நானே, பக் லிஸ்ட் நானேன்னு. கடைசில மொத்த டீமும் உங்க ஒருத்தருக்காக காத்துக் கெடக்கும், அவங்க நாலு பேர் சம்பளம் ஓடிக்கிட்டே இருக்கும்.

ஆளுக்கு 40,000 போட்டுப் பாருங்க. மாசம் 2.2 லட்சம். 12 மாசத்துக்கு 26.4 லட்சம். முதல் கேம் ஆறு மாசம் தள்ளிப் போறது ரொம்ப சாதாரணம், 18 மாசம் ஆச்சுன்னா 39.6 லட்சம். உங்க 40 லட்சம் சம்பளத்துலயே தீந்துபோச்சு. சவுண்ட் இல்ல, டெஸ்டிங் இல்ல, ஒரு போஸ்டர் அடிக்கக்கூட காசு இல்ல. நீங்க பாதிகூட வரலைன்னு சொன்ன இடத்துல உண்மைல நின்னுக்கிட்டு இருக்கறது இங்கதான்.

ஆடிட்டர்_அக்கா

சின்ன கம்பெனிகளுக்கு கணக்கு பாக்கறவ நான், என் பக்கத்து விஷயத்த சொல்றேன்.

பிஎஃப் 20 பேர் ஆனாதான் கட்டாயம். இஎஸ்ஐ (மருத்துவக் காப்பீடு) 10 பேர், அதுவும் மாச சம்பளம் 21,000க்குள்ள இருக்கறவங்களுக்கு, முதலாளி பங்கு 3.25%. கிராஜுவிட்டியும் 10 பேர் ஆனாதான். அதனால 6 பேருக்கு சட்டப்படி இது எதுவும் உங்க தலைல இல்ல. ஆனா ஒரு ப்ரோகிராமர் பெரிய கம்பெனிய விட்டுட்டு உங்ககிட்ட வர்றார்னா அவருக்கு பிஎஃப் கணக்கு ஏற்கனவே ஓடிட்டு இருக்கும், அது நின்னு போகுதுன்னா யோசிப்பார். விருப்பத்தின் பேர்ல சேரலாம். 15,000 ரூபா உச்சவரம்புல கட்டுனா முதலாளி பங்கு 12%னு வச்சா ஆயிரத்து எண்ணூறு, மத்த சார்ஜும் சேத்து ஆளுக்கு சுமாரா 2,000. நாலு பேருக்கு மாசம் 8,000 கிட்ட. பெரிய தொகை இல்ல, ஆளத் தக்க வைக்க உதவும்.

புது லேபர் கோடு 2025 நவம்பர் 21ல இருந்து அமலுக்கு வந்திருக்கு. அதுல முக்கியமானது, அலவன்ஸ் எல்லாம் சேத்து மொத்த சம்பளத்துல பாதிக்கு மேல போனா, அப்படி மேல போன தொகையையும் சம்பளமாவே எடுத்து பிஎஃப், கிராஜுவிட்டி கணக்கு போடுவாங்க. முன்ன மாதிரி அடிப்படைச் சம்பளத்த (பேசிக்) சின்னதா வச்சுட்டு ஸ்பெஷல் அலவன்ஸ்னு நீட்டி எழுதறது இனிமே ஒத்துவராது. ஆள் எண்ணிக்கை கூடற அன்னிக்கு இது உங்களத் தொடும், அதனால ஆஃபர் லெட்டர இப்பவே ஒழுங்கா போட்டுக்குங்க.

இன்கம்டாக்ஸ் பத்தி கவலை வேண்டாம், 2025-26ல இருந்து புது முறைல சம்பளக்காரங்களுக்கு வருஷம் 12.75 லட்சம் வரைக்கும் வரி இல்ல, உங்க டீம்ல யாரும் அதுகிட்டகூட வரல. ஓனர் ரெண்டு பேரும் சம்பளத்த தள்ளி வைக்கறதா இருந்தா வாய்ப்பேச்சா விடாதீங்க. யாருக்கு எவ்வளவு, கேம் வருமானத்துல இருந்து எந்த வரிசைல எடுத்துக்கலாம்னு ஒப்பந்தம் எழுதுங்க. கணக்குப் புத்தகத்துல பாக்கியா காட்டறதுக்கு முன்னாடி உங்க ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. பார்ட்னர்ங்க பிரியறது பாதி இந்த எழுதாத சம்பளத்தாலதான், நான் நேர்ல பாத்துட்டு இருக்கேன்.

தூரிகை

நான் 2டி ஆர்ட்டிஸ்ட், இந்த மாதிரி டீம்லயும் வேலை பாத்திருக்கேன், ஃப்ரீலான்சும் பண்றேன். எல்லாரும் மாசத்துக்கு 22 நாள்னு வச்சு ஷெட்யூல் போடறீங்க, அத முதல்ல மாத்துங்க.

வருஷம் 365ல சனி ஞாயிறு 104 போச்சு, 261. தமிழ்நாட்டுல ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, அதோட அஞ்சு பண்டிகை நாள், ஆக 9 நாள் சம்பளத்தோட லீவு குடுக்கணும். கேசுவல், சிக், இயர்ன்டு எல்லாம் சேத்து ஒரு 24 நாள் எடுப்பாங்கன்னு வைங்க. மிச்சம் 228. மாசத்துக்கு 19 நாள்தான். 22க்கும் 19க்கும் இருக்கற வித்தியாசம் வருஷத்துக்கு 36 நாள், ஒரு ஆளுக்கு கிட்டத்தட்ட ரெண்டு மாச வேலை. உங்க 6 பேருக்கும் கூட்டுனா ஒரு ஆளோட ஒரு வருஷம் ஷீட்டுல இருக்கு, நெஜத்துல இல்ல. அப்புறம்தான் எல்லாரும் ராத்திரி உக்காந்து ஞாயித்துக்கிழமையும் உக்காந்து அத ஈடு கட்றாங்க, அதுக்கு பேரு பேஷன் (தொழில் மேல ஆர்வம்)னு சொல்றாங்க. எனக்கு மணிக்கட்டு வலி வந்தது அப்படி ஒரு ப்ராஜெக்ட்ல. தயவுசெஞ்சு லீவ கழிச்சுட்டு ஷெட்யூல் போடுங்க.

பொங்கல் தீபாவளி வாரத்துல எந்த மைல்ஸ்டோனும் வைக்காதீங்க. தீபாவளிக்கு ஒரு மாசச் சம்பளம் போனசா தர்றதா இருந்தா அதுவும் ஷீட்டுல வரணும், சட்டம் கேக்குதோ இல்லையோ ஆளுங்க எதிர்பாப்பாங்க.

ஸ்கார்பரோ_தம்பி

வணக்கம், நான் டொரொண்டோவில ஒரு சின்ன ஸ்டுடியோவில ப்ரொடியூசரா வேலை செய்யிறன். இஞ்ச நாங்கள் எப்பிடிக் கணக்குப் பாக்கிறம் எண்டு சொல்லுறன், பிரயோசனப்படும் எண்டு நினைக்கிறன்.

வட அமெரிக்காவில பப்ளிஷரிட்ட (காசு போட்டு கேமை வெளியிடுற கம்பெனி) பட்ஜெட் குடுக்கேக்க ஒரு ஆளுக்கு ஒரு மாதம் 10,000 டொலர் எண்டு போடுறது கனகாலப் பழக்கம். அது கைக்கு வாற சம்பளம் இல்லை. வேலை குடுக்கிறவர் கட்டுற சிபிபி (கனடா ஓய்வூதிய நிதி) 5.95 வீதம், வேலையின்மைக் காப்புறுதி, லீவுச் சம்பளம், கொம்பியூட்டர், வாடகை எல்லாத்தையும் உள்ள வச்சுத்தான் அந்த எண். நீங்கள் பப்ளிஷரிட்ட போற எண்ணம் இருந்தால் இந்த எண்ணைக் கொப்பி அடிக்க வேண்டாம், ஆனா உங்கட 36,700 ரூபாச் சராசரியை அப்பிடியே டொலருக்கு மாத்திக் குடுக்கவும் வேண்டாம். மிகவும் குறைஞ்ச தொகையைப் பாத்தால் அவைக்கு இந்தப் பொடியங்களால முடிக்கேலுமோ எண்டுதான் யோசனை வரும்.

எங்களுக்கு ஒண்டாரியோவில வரிச்சலுகை இருக்கு, சொந்தமாச் செய்யிற கேமுக்குத் தகுதியான சம்பளச் செலவில 40 வீதம் திரும்ப வரும். கேக்க நல்லா இருக்கும். ஆனா கேம் முடிஞ்ச பிறகுதான் விண்ணப்பிக்கேலும், அதுக்குப் பிறகும் காசு வரக் காலம் எடுக்கும். அதுவரை சம்பளம் குடுக்க வேற காசு வேணும். உங்கட பக்கத்திலயும் மானியம், போட்டிப் பரிசு எண்டு ஏதும் வந்தால் அது கையில வாற நாளைப் பாருங்கோ, அறிவிக்கிற நாளைப் பாக்காதேங்கோ.

ஸ்கோப் (கேமின்ட அளவு) வளந்தால் என்ன நடக்கும் எண்டதுக்கு டபுள் ஃபைன் எண்ட அமெரிக்க ஸ்டுடியோவின்ட ப்ரோக்கன் ஏஜ் கேம் நல்ல உதாரணம். 2012ல கிக்ஸ்டார்டரில (சனங்களிட்ட முன்கூட்டியே காசு சேர்க்கிற தளம்) கேட்டது 4 லட்சம் டொலர், வந்தது 33 லட்சத்துக்கு மேல. எட்டு மடங்கு. அப்பிடி இருந்தும் அடுத்த வருசமே காசு காணாது எண்டு கேமை ரெண்டாப் பிரிச்சு, முதல் பாதி 2014 ஜனவரியில, மற்றப் பாதி 2015 ஏப்ரலில வந்தது. காசு கூட வந்த உடன கேமும் பெருத்தது, கேம் பெருத்த உடன மாதங்களும் கூடினது. எத்தினையோ வருச அனுபவம் உள்ள ஆக்களுக்கே அப்பிடி எண்டால் 40 லட்சத்தைப் பாத்து ரெண்டு பேரை எடுக்கிறது எவ்வளவு ஆபத்து எண்டு யோசியுங்கோ.

ஷேடர்_மதுரை

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். இவ்ளோ சம்பளக் கணக்கு தேவையா? எல்லாருக்கும் ரெவென்யூ ஷேர் குடுத்துடுங்க. ஆளுக்கு 10 சதவீதம்னு பேசிட்டா மாசச் செலவே இருக்காதே, கேம் ஓடுனா எல்லாருக்கும் லாபம்.

தூரிகை

ப்ரோ, 28,000 வாங்கற லெவல் டிசைனர் வீட்டு வாடகை எப்படிக் கட்டுவாங்க? ரெவென்யூ ஷேர் ஓனருக்கும், வேற வருமானம் இருக்கறவங்களுக்கும் சரி. மத்தவங்க முதல் மூணு மாசம் ஆர்வமா வருவாங்க, அப்புறம் சம்பளம் வர்ற வேலை ஒண்ணு கெடச்சதும் போயிடுவாங்க, அவங்களக் குத்தம் சொல்ல முடியாது. அப்ப பாதில நிக்கற ஃபைல் எல்லாம் யாருடையதுன்னு ஒரு பஞ்சாயத்து. சம்பளத்துக்கு மேல போனசா ஷேர் குடுங்க, அது நல்ல விஷயம். சம்பளத்துக்கு பதிலா குடுக்காதீங்க.

ராத்திரி_பில்ட்

தூரிகை சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஷேர்னு சொல்றப்ப அந்த வருமானம் எவ்வளவுன்னும் ஒரு தடவ போட்டுப் பாருங்க. கேம் 10 டாலர்னு வைங்க. இந்தியா, பிரேசில் மாதிரி நாடுகளுக்கு குறைஞ்ச விலை, சேல் நேரத்து தள்ளுபடி, ரீஃபண்ட், அந்தந்த நாட்டு வரி எல்லாம் போக ஒரு காப்பிக்கு சராசரி 5 டாலர்னு எடுத்துக்கறேன் (என் அனுமானம்தான், உங்களுக்கு மாறலாம்). அதுல ஸ்டீம் 30% எடுத்தா 3.5 டாலர், சுமாரா 300 ரூபா. 40 லட்சம் திரும்ப வரவே 13,000 காப்பிக்கு மேல விக்கணும். அமெரிக்காவுல விக்கறதுக்கு அங்க வரி புடிப்பாங்க, பான் நம்பர் குடுத்து இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்த விகிதம் கேட்டா 15%, ஃபார்ம ஒழுங்கா நிரப்பலைன்னா 30%. இவ்வளவும் போனதுக்கு அப்புறம்தான் அந்த 10 சதவீதம். அத நம்பி ஒருத்தர ஒரு வருஷம் சம்பளம் இல்லாம உக்கார வைக்க எனக்கு மனசு வராது.

இங்கயே ரிலீசுக்கு அப்புறம் வர்ற மாசத்தையும் சொல்லிடறேன். ஸ்டீம் ஒரு மாச விற்பனைக் காச அந்த மாசம் முடிஞ்சு அடுத்த மாசக் கடைசிலதான் அனுப்புவாங்க. செப்டம்பர் முதல் வாரம் ரிலீஸ்னா முதல் காசு அக்டோபர் கடைசில. அந்த ரெண்டு மாசமும் டீம் சும்மா இருக்காது, பேட்ச் போடணும், கண்ட்ரோலர் வேலை செய்யலன்னு வர்ற கம்ப்ளைன்ட் பாக்கணும், ரிவ்யூக்கு பதில் சொல்லணும். ரிலீஸ் அன்னிக்கு பேங்க்ல கொறஞ்சது ரெண்டு மாசச் சம்பளம் இருக்கணும். முதல் வாரத்துல ஒரு சேவ் ஃபைல் பக் வந்து அத சரி பண்ண ஆள் இல்லைன்னா ரிவ்யூ சரிஞ்சுடும், அப்புறம் தூக்கி நிறுத்தறது ரொம்பக் கஷ்டம்.

கோவை_பிக்சல்

எல்லாத்தையும் வச்சு பார்ட்னரும் நானும் உக்காந்து திரும்பப் போட்டோமுங்க. இந்தத் தடவ காசுல இருந்து ஆரம்பிச்சு பின்னாடி வந்திருக்கோம்.

40 லட்சத்துல 6 லட்சம் தொடாம தனியா. மாடி கரண்ட் பில், இன்டர்நெட், மெஷின் ரிப்பேர், தீபாவளி போனஸ், பிஎஃப் எல்லாத்துக்கும் 4 லட்சம். சவுண்டு 2.5. டெஸ்டிங், மொழிபெயர்ப்பு 1.5. ஆக 14 போக சம்பளத்துக்கு 26 லட்சம்தான். முழு டீமுக்கும் மாசம் 2.2ன்னு குடுத்தா 12 மாசம்கூட முழுசா வராது, அதுல ரிலீசுக்கு அப்புறம் ரெண்டு மாசமும் அடக்கம்னா கேம் செய்யறதுக்கு 10 மாசம்கூட இல்ல.

அதனால ஆள ஒரே நாள்ல எடுக்கறதில்லைன்னு முடிவு. முதல் 3 மாசம் நாங்க ரெண்டு பேரும் ப்ரோகிராமரும் மட்டும், மாசம் 1.25, ஆக 3.75 லட்சம். ஒரு லெவல் முழுசா, ஃபைனல் தரத்துல செஞ்சு பாப்போம், அதுக்கு எத்தனை நாள் ஆச்சுங்கறத வச்சு மிச்ச லெவல் எத்தனைன்னு முடிவு பண்ணுவோம். அடுத்த 8 மாசம் முழு டீம், 17.6 லட்சம். கடைசி 3 மாசம், ரிலீசும் அதுக்கு அப்புறமும், ஆர்ட்டிஸ்டும் அனிமேட்டரும் இல்லாம மாசம் 1.53, ஆக 4.59. மொத்தம் 25.94 லட்சம், 14 மாசம். 12 லெவல் யோசிச்சிருந்தோம், இப்ப 7ன்னு வச்சிருக்கோமுங்க.

ஸ்கார்பரோ_தம்பி

லெவலைக் குறைச்சது நல்ல முடிவு. இஞ்ச டொரொண்டோவில விசை கேம்ஸ் செய்த வெண்பா தெரியும்தானே, 2023ல வந்தது, ஒண்டு ஒண்டரை மணித்தியாலத்தில விளையாடி முடிச்சிடலாம். 2024ல பாஃப்டாவில (பிரிட்டன்ட விருது) அறிமுகக் கேமுக்கான விருது எடுத்தது. கேம் நீளமா இருந்தால்தான் மதிப்பு எண்டு இல்லை. இன்னொரு லெவல் எண்டால் இன்னொரு மாதச் சம்பளம், அப்பிடிப் பாருங்கோ.

அந்த முதல் 3 மாதம் முடியேக்க ஒரு நாள் குறிச்சு வைச்சு, தொடர்றதோ விடுறதோ எண்டு உண்மையாக் கதையுங்கோ. அப்ப விட்டால் போனது 4 லட்சம் அளவுதான், மற்றக் காசு கையில இருக்கும். பிறகு விடுறது கஷ்டம், ஆக்களை எடுத்திட்டீங்கள் எண்டால்.

தூரிகை

கணக்கு எனக்கு புடிச்சிருக்கு, ஒரு இடம் மட்டும் உறுத்துது. ஆர்ட்டிஸ்டுக்கும் அனிமேட்டருக்கும் 8 மாசம்தான் வேலைன்னு நீங்க முடிவு பண்ணியாச்சு. அது அவங்களுக்கு எப்ப தெரியும்? 11வது மாசத்துல கூப்பிட்டு சொல்லுவீங்களா? நெறைய எடத்துல அப்படித்தான் நடக்குது, கேம் வெளிய வர்ற நேரத்துல அத வரைஞ்சவங்க வீட்டுல வேலை தேடிட்டு இருப்பாங்க.

முதல் நாளே 8 மாச கான்ட்ராக்ட்னு எழுதிக் குடுங்க. நிரந்தர வேலை இல்லைங்கறதால சம்பளத்த 15 சதவீதமாவது கூட்டுங்க. ரெண்டு பேருக்கும் சேத்து 67,000, அதுல 15% மாசம் 10,050, எட்டு மாசத்துக்கு 80,400. இது உங்க பட்ஜெட்ட கவுக்காது. கேம் கிரெடிட்ல (செஞ்சவங்க பட்டியல்) பேரு கண்டிப்பா வரும்னும் எழுதிடுங்க, ரிலீஸ் அப்ப டீம்ல இல்லைன்னு பேர விட்டுடறது நெறைய நடக்குது.

ஆடிட்டர்_அக்கா

இதோட சேத்து ஒண்ணு. ஊழியர் வேலைல இருக்கறப்ப செஞ்சதோட காப்புரிமை, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரைக்கும், கம்பெனிக்கு. ஃப்ரீலான்ஸர் செஞ்சது அப்படி இல்ல, எழுதி வாங்கலைன்னா பொதுவா அவருதுதான். எழுதி வாங்கறப்பவும் காலம் குறிப்பிடலைன்னா நம்ம காப்புரிமைச் சட்டத்துல அஞ்சு வருஷம்னு எடுத்துக்குவாங்க, எந்த நாட்டுக்குன்னு குறிப்பிடலைன்னா இந்தியாவுக்கு மட்டும். உங்க கேம் ஸ்டீம்ல உலகம் பூரா விக்கப் போகுது. சவுண்ட் ஃப்ரீலான்ஸர்கிட்ட போடற ஒப்பந்தத்துல "உலகம் முழுமைக்கும், காப்புரிமைக் காலம் முழுமைக்கும்"னு ஒரு வரி இல்லைன்னா அந்த 2.5 லட்சத்துக்கு நீங்க வாங்குனது அஞ்சு வருஷ இந்திய உரிமைதான். ஒரு வக்கீல்கிட்ட ஒப்பந்தத்துக்கு குடுக்கற ஃபீச அந்த 4 லட்சத்துக்குள்ள வச்சுக்குங்க.

கோவை_பிக்சல்

தூரிகை சொன்னது நியாயமுங்க, அப்படியே எடுத்துக்கறோம். 80,400க்காக 6 லட்சத்துல கை வைக்காம 7 லெவல்ல ஒண்ணக் குறைச்சு முழு டீம் மாசத்துல ரெண்டு வாரத்த வெட்டியிருக்கோம். அதுல 1.1 லட்சம் மிச்சம் ஆகுது. அவங்க கான்ட்ராக்டும் ஏழரை மாசமா ஆகறதால கூட்டுன தொகையும் 75,000 கிட்டதான், இடம் இருக்குது. முதல் நாளே ஏழரை மாசம்னு எழுதிக் குடுத்துடுவோம். முடியற தேதிக்கு ரெண்டு மாசம் முன்னாடி, எங்ககிட்ட ஆர்ட் அவுட்சோர்சிங் வேலை இருந்தா அவங்களத்தான் முதல்ல கேப்போம்னும் சேத்துக்கறோம்.

ஓனர் சம்பளம் ஆளுக்கு 40,000ல 25,000 மட்டும் மாசாமாசம் எடுத்துக்கறது, மிச்சம் 15,000 ஒப்பந்தத்துல எழுதி கேம் வருமானத்துல முதல் வரிசைல எடுத்துக்கறதுன்னு பேசியிருக்கோம். அதுல வர்ற மாசம் 30,000 ஷீட்டுல இருந்து எடுக்கல, தனியா பேங்க்லயே இருக்கும்.

கடைசியா ஒரு சந்தேகம் அக்கா. சவுண்ட் ஃப்ரீலான்ஸர் 2.5 லட்சம் கைக்கு வரணும்னு சொல்றார். டிடிஎஸ் (காசு குடுக்கறப்பவே புடிக்கற வரி) புடிச்சா யார் தலைல விழும்?

ஆடிட்டர்_அக்கா

அத இப்பவே பேசி முடிங்க, கடைசி பில்லப்ப பேசாதீங்க. ப்ரொஃபஷனல் ஃபீஸ்னா வருஷம் 50,000க்கு மேல போனதும் 10% புடிக்கணும். 2.5 லட்சம் மொத்தத் தொகைன்னா 2,25,000 அவருக்கு, 25,000 அவரோட பான்ல அரசாங்கத்துக்கு. அது அவர் வரிதான், ரிட்டர்ன் போட்டா அவர் கணக்குல சேரும், வரி வரலைன்னா ரீஃபண்ட் வாங்கிக்கலாம். கைக்கே 2.5 வேணும்னா நீங்க பில்ல சுமாரா 2,77,800க்கு ஒத்துக்கணும். அவர் ஜிஎஸ்டி பதிவு பண்ணவரா இருந்தா மேல 18% போடுவார், அத நீங்க இன்புட்டா எடுக்க (நீங்க கட்ட வேண்டிய ஜிஎஸ்டில கழிச்சுக்க) நீங்களும் பதிவுல இருக்கணும். ரெண்டையும் கேட்டுட்டு ஷீட்டுல அந்த 2.5ஐ மாத்துங்க. புடிச்ச டிடிஎச அடுத்த மாசம் 7ஆம் தேதிக்குள்ள கட்டிடுங்க, மார்ச்ல புடிச்சதுக்கு மட்டும் ஏப்ரல் 30 வரைக்கும் டைம் இருக்கு.

கோவை_பிக்சல்

கேட்டுட்டேங்க அக்கா, ஜிஎஸ்டி அவருக்கு இல்ல. ரிட்டர்ன்ல திரும்பி வரும்னு சொன்னதும் 2.5 மொத்தத்துக்கு ஒத்துக்கிட்டார், மூணு தவணையா. ஆர்ட்டிஸ்டுக்கும் அனிமேட்டருக்கும் நாலாவது மாசம் சேர்ற மாதிரி ஆஃபர் லெட்டர் இந்த வாரமே எழுதறோம். அந்த ஒரு லெவல் முடிஞ்சதும் எத்தனை நாள் ஆச்சுன்னு இதே எடத்துல வந்து போடறேன், அதை வச்சு 6 லெவல் சரியா வருமான்னு பாத்து சொல்லுங்க.